கோட்டுக்கும் கல்லுக்கும் இடையே

அரபி மொழியில் ‘முஹந்திஸ்’ என்றொரு சொல்லும் ‘ஸானிஃ’ என்றொரு சொல்லும் உண்டு. முன்னது வடிவ கணிதம் அறிந்தவரையும், பிற்காலத்தில் பொறியியலாரையும் குறிக்கும். பின்னது கைத்தொழில் வல்லவரைக் குறிக்கும். முன்னவர் கோடு இழுப்பார். பின்னவர் கல்லை வெட்டுவார். இவ்விருவருக்கும் நடுவே ஓர் இடைவெளி நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது. அதனை நிரப்பும் அறிவே இன்று பிரிட்டனில் ‘கட்டடக்கலைத் தொழில்நுட்பம்’ என்னும் பெயரால் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக விளங்குகிறது. அப்படிப்பு உருவான வரலாற்றையும், அது கொண்டு சேர்க்கும் தொழில்களையும் ஈண்டு நோக்குவோம்.

இவ்விடைவெளியை முன்பே கண்டு எழுதியவர் ஒருவர் இருக்கிறார். குராசானில் 940ஆம் ஆண்டில் பிறந்து, பகுதாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞருக்கு வேண்டிய வடிவ கணிதம் பற்றித் தனி நூலே இயற்றினார். கணித அறிஞரும் கைவினைஞரும் கூடியிருந்த ஓர் அவையைப் பற்றி அதில் அவர் கூறுகிறார். சம அளவுள்ள மூன்று சதுரங்களைக் கொண்டு ஒரே சதுரம் அமைப்பது எப்படி என்ற வினா அவ்வவையில் எழுந்தது. கணித அறிஞர் பெருஞ்சதுரத்தின் பக்க அளவைக் கோடு போட்டு எளிதில் காட்டிவிட்டார். கைவினைஞருக்கோ அது போதவில்லை. ஓட்டை எங்கே வெட்டி எங்கே பொருத்துவது என்பதே அவர்தம் கேள்வி. அவர்களே காட்டிய வழிகள் சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் கணக்கிற் பிழையாயின. இரு சாராரின் குறையையும் எடுத்துக் காட்டிய அபுல் வஃபா, இரு சதுரங்களை மூலைக்கு மூலை வெட்டி, அந்நான்கு துண்டுகளையும் மூன்றாம் சதுரத்தைச் சுற்றி வைத்து, வெளியே நீளும் முனைகளை நறுக்கி இடைவெளிகளை நிரப்பும் வழியைக் கூறினார். அது கணக்கிலும் நின்றது, கையிலும் நின்றது.

பின்னர் சமர்கந்தில் ஜம்ஷீத் அல்காஷி, 1427இல் முடித்த ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ என்னும் நூலில், கட்டடங்களை அளப்பதற்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். வளைவு, குவிமாடம், ‘முகர்னஸ்’ எனப்படும் அடுக்கு வளைவு வேலைப்பாடு ஆகியவற்றின் பரப்பையும் கன அளவையும் கணக்கிடும் முறைகள் அதில் உள்ளன. வானியலில் தலைசிறந்த ஓர் அறிஞர் கொத்தனாரின் தேவைக்காகக் கணக்கு எழுதியதைத் தமக்கு இழிவாகக் கொள்ளவில்லை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

இனி, பிரிட்டனுக்கு வருவோம். அங்கே கட்டடக்கலை, முற்காலத்தில் பெரும்பாலும் அலுவலகத்தில் ஆசிரியரை அடுத்திருந்து கற்கும் தொழிலாக இருந்தது. 1958இல் ஆக்ஸ்போர்டில் நடந்த கட்டடக்கலைக் கல்வி மாநாடு, அக்கல்வியைப் பல்கலைக்கழகத்தின்பால் திருப்பிற்று. நுழைவுத் தகுதியும் உயர்ந்தது. அதனால் ஒரு புதுக் கேள்வி பிறந்தது. வடிவமைப்போர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டால், செங்கல்லும் இரும்பும் மரமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களை நுணுகி வரைபவர் யார்? பிரிட்டிஷ் கட்டடக்கலைஞரின் அரச கழகம் 1962இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பயிற்சி பெற்ற தொழில்நுட்பத் துணைவர்களின் தேவையை வலியுறுத்தியது. 1965இல் அவர்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது.

மூன்றே ஆண்டுகளில், நுணுக்க வரைபடத்தின் பொருளை ஊரே அறியும்படி ஒரு துயரம் நேர்ந்தது. கிழக்கு லண்டனில் ‘ரோனன் பாயிண்ட்’ என்ற 22 மாடிக் கட்டடம், ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பப்பட்டது. 1968 மே 16ஆம் நாள் அதிகாலை, 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர் பெயர்ந்ததும் கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது, நால்வர் இறந்தனர். பலகைகள் தனித்தனியே வலுவுடையனவாய் இருந்தும், அவற்றை இணைத்த மூட்டுகள் போதாவாயின. 1986இல் அக்கட்டடத்தைப் பிரித்தபோது, மூட்டுகள் பலவும் செம்மையாக நிரப்பப்படாதிருந்தமை வெளிப்பட்டது. ஆகவே பிழை தாளிலும் இருந்தது, தளத்திலும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே பார்க்கும் கண் வேண்டியிருந்தது.

அக்கண்ணைப் பயிற்றுவதே இப்படிப்பு. தொடக்கத்தில் தொழிற்கல்லூரிச் சான்றிதழாக இருந்த இக்கல்வி, 1990களில் பட்டப் படிப்பாக வளர்ந்தது. 1994இல் அச்சங்கத்தார் ‘தொழில்நுட்பவியலார்’ என்னும் பெயரை ஏற்றனர்; 2005இல் அரச பட்டயமும் பெற்றனர். மூன்றாண்டுப் படிப்பில், அல்லது அலுவலகப் பயிற்சி சேர்ந்த நான்காண்டுப் படிப்பில், கட்டுமானப் பொருள்களின் இயல்பு, சுவரில் ஓதம் ஏறும் விதம், வெப்பக் காப்பு, தீத்தடுப்பு, கட்டட விதிகள், ஒப்பந்த முறை, கணினியில் கட்டடம் முழுவதையும் மாதிரியாக அமைக்கும் முறை ஆகியன கற்பிக்கப்படுகின்றன.

கற்று வெளிவருவோர்க்கு வழிகள் பல. கட்டடக்கலை அலுவலகங்களில் நுணுக்க வடிவமைப்பு, உள்ளாட்சி மன்றங்களில் கட்டட விதி மேற்பார்வை, கட்டுமான நிறுவனங்களில் வடிவமைப்பு மேலாண்மை, கணினி மாதிரிகளின் ஒருங்கிணைப்பு, பழங்கட்டடப் பாதுகாப்பு, எரிபொருட் செலவைக் குறைக்கும்படி பழைய வீடுகளைத் திருத்தல் ஆகியன அவற்றுட் சில. அனுபவமும் பட்டயத் தகுதியும் பெற்றவர், சொந்த அலுவலகமும் நடத்தலாம்.

இத்தொழிலின் பொறுப்பு எத்தகையது என்பதை 2017 ஜூன் 14ஆம் நாள் மீண்டும் உணர்த்திற்று. லண்டனின் 24 மாடி ‘கிரென்ஃபெல்’ கட்டடத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் மூண்ட தீ, சிறிது காலத்துக்கு முன் வெளிச்சுவரிற் போர்த்திய தகடுகளில் பற்றி மேலேறியது. 72 உயிர்கள் மாய்ந்தன. அலுமினியத் தகடுகளின் நடுவே எரியத்தக்க பாலிஎத்திலீன் இருந்தது. அம்மாண்டவருள் முஸ்லிம் குடும்பத்தார் பலர். அது ரமலான் மாதம். 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்வழி, வடிவமைப்பு விதிக்கு இசைந்திருப்பதைக் கண்காணிக்கும் ‘முதன்மை வடிவமைப்பாளர்’ என்னும் பொறுப்பு 2023இல் நடைமுறைக்கு வந்தது. தகுதியுடைய தொழில்நுட்பவியலார் அப்பொறுப்பை ஏற்கலாம்.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இப்பட்டம் மட்டுமே ஒருவரை ‘ஆர்க்கிடெக்ட்’ ஆக்கிவிடாது. பிரிட்டனில் அப்பெயர் சட்டத்தாற் காக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே அப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலும். பெயரை நாடுவோர்க்கு வேறு படிப்பு உண்டு. அதனை அறியாமற் பொருளைச் செலவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

ஆனால் பெயர் குறைவென்பதற்காக இக்கல்வியைக் குறைத்து மதிப்பிடுவதும் முறையன்று. எந்தப் பொருளுக்கு எந்தப் பொருள் பொருந்தும், தீ எங்கே நிற்கும், நீர் எங்கே வடியும் என்று கேட்டறிந்து, ஐயமுள்ள இடத்தில் ‘இதனைக் கட்டலாகாது’ என்று சொல்லும் துணிவு உடையவனிடம் பல குடும்பங்களின் உறக்கம் அடைக்கலமாக இருக்கிறது. அந்தப் பொறுப்பை விரும்பி ஏற்கும் பிள்ளை நம் வீட்டில் இருப்பின், அவனையோ அவளையோ தடுக்காது, நன்கு விசாரித்து அனுப்புவோமாக.