மனிதக் குரங்குகளின் தசை வலிமை

மனிதக் குரங்குகளின் தசை வலிமை: சிம்பன்சி, போனபோ, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவற்றின் உடல் வலுவை மனிதருடையதோடு ஒப்பிடும் ஆய்வுத் துறை. பட்டியலில் நான்கு வகைகள் இருந்தாலும், அளவீடுகளில் பெரும்பகுதி சிம்பன்சியைப் பற்றியதே.

முதலில் கருவி கொண்டு அளந்தவர் அமெரிக்க உயிரியல் ஆசிரியர் ஜான் பௌமன். அவருடைய கட்டுரைகள் 1923, 1926 ஆண்டுகளில் வெளிவந்தன. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் இழுவிசைமானியோடு இணைத்த கயிற்றைக் குரங்குகள் இழுத்தன. சுசெட் என்ற பெண் சிம்பன்சி 1,260 பவுண்டு (சுமார் 571 கிலோ) காட்டியது. போமா என்ற ஆண் ஒற்றைக் கையால் 847 பவுண்டு (சுமார் 384 கிலோ) இழுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இழுக்கவைத்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இந்த அளவை நெருங்கவே இல்லை. சிம்பன்சிக்கு ஐந்து ஆள் பலம் என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் இழுவிசைமானி பதிவது உச்ச அளவை. நிதானமாக இழுத்ததையும் வெடுக்கென்று பிடுங்கியதையும் அது பிரித்துச் சொல்வதில்லை. கூண்டு விலங்கின் மூர்க்கமும் மாணவனின் முயற்சியும் ஒரே தரத்தவையும் அல்ல.

1943இல் கிளென் ஃபிஞ்ச் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கை உடைத்தது. புளோரிடாவில் யேல் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வகத்தில் அவர் சோதித்த சிம்பன்சிகள் ஏறத்தாழ மனிதர் அளவுக்கே இழுத்தன. உடல் எடைக்கு ஈடாகப் பார்த்தால் மட்டும் சற்று முந்தின. இருந்தும் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் நிலைத்தது சுசெட்டின் புகழ்தான்.

2017இல் மேத்யூ ஓநீல் குழுவினர் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இழுத்தலிலும் தாவுதலிலும் எடைக்கு ஈடான சிம்பன்சியின் வலு மனிதரைப்போல் சராசரியாக 1.5 மடங்கு என்று தெரிந்தது. காரணம் தசையின் அமைப்பு. சிம்பன்சித் தசையில் சுமார் 67 விழுக்காடு விரைந்து சுருங்கும் இழைகள். மனிதத் தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகளே மிகுதி. அவை விரைவில் களைப்பதில்லை, ஆற்றலையும் சிக்கனமாகச் செலவிடும். நெடுந்தூரம் நடந்தும் ஓடியும் பிழைத்த இனத்துக்கு அதுவே ஏற்றதாயிற்று. சிம்பன்சியின் தசையிழைகள் நீளமானவையும்கூட. இவற்றை வைத்துக் கணித்தால் அதன் தசைத்திறன் மனிதருடையதைப்போல் சுமார் 1.35 மடங்கு.

போனபோக்கள் நின்ற இடத்திலிருந்து 70 சென்டிமீட்டர் வரை எழும்பியதாக 2006இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கொரில்லாவையும் உராங்குட்டானையும் முறையாக அளந்த ஆய்வுகள் மிகச் சில. கொரில்லாவுக்குப் பத்து ஆள் பலம் என்பது வழக்கிலுள்ள பேச்சே தவிர, அளந்து கண்டதன்று.