'இடியட்', 'மோரான்', 'ரிடார்ட்'... எல்லாமே 'முட்டாள்' தானா? திட்டும் இங்கிலீஷ் வார்த்தைகளின் பின்னணி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு 'போக்கா-யோக்கே' பழகிய வார்த்தை. பாகத்தைத் தலைகீழாக மாட்ட முடியாதபடி ஃபிக்ஸரில் ஒரு பின் வைப்பது, போல்ட் குறைந்தால் லைன் நகராமல் நிற்பது எல்லாம் இந்த வகைதான். ஆனால் இதற்கு முதலில் வைத்த பெயர் ஒரு திட்டு.

பெயரை மாற்றிய கண்ணீர்

ஜப்பானிய பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ, 1961-ல் யமடா எலெக்ட்ரிக் ஆலைக்குப் போனார். ஒரு சிறிய ஸ்விட்சில் 2 ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அடிக்கடி ஒன்றை மறந்துவிடுவார்கள். 'கவனமா இரு' என்று திட்டிப் பயனில்லை. முதலில் 2 ஸ்பிரிங்கையும் ஒரு தட்டில் எடுத்து வை, பிறகு மாட்டு என்றார் ஷிங்கோ. தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் தவறு உடனே தெரிந்துவிடும். இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு அப்போது பெயர் 'பக்கா-யோக்கே'. ஜப்பானிய மொழியில் 'பக்கா' என்றால் முட்டாள். (நம்ம ஊர் 'பக்கா' வேற!)

1963-ல் அரகாவா ஆட்டோ பாடி ஆலையில் இந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், 'நான் அவ்வளவு முட்டாளா' என்று அழுதுவிட்டதாக ஷிங்கோவே எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான் பெயர் 'போக்கா-யோக்கே' ஆனது. 'போக்கா' என்றால் தெரியாமல் நடக்கும் தவறு. கருவி அதேதான்; குறை ஆள் மேல் இருந்து தவறின் மேல் போய்விட்டது. இங்கிலீஷ்காரர்கள் மட்டும் இன்னமும் 'ஃபூல்-புரூஃப்', 'இடியட்-புரூஃப்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டர் எழுதிய வார்த்தைகள்

இடியட், இம்பெசில், மோரான் மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவச் சொற்கள். 'மோரான்' என்பதை 1910-ல் உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கோடார்ட். வளர்ந்த பிறகும் 2 வயதுக் குழந்தையின் அறிவைத் தாண்டாதவர் இடியட். 3 முதல் 7 என்றால் இம்பெசில். 8 முதல் 12 என்றால் மோரான். இது வெறும் லேபிளோடு நிற்கவில்லை. 1927-ல் கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே 'இம்பெசில்' இருக்கிறது.

இந்தியாவிலும் 1912-ம் ஆண்டு சட்டத்தில் 'இடியட்' என்பது அதிகாரப்பூர்வ வார்த்தை. 1987-ல் புதிய மனநலச் சட்டம் வந்துதான் அந்தச் சட்டத்தை நீக்கியது.

இந்த வார்த்தைகள் திட்டாக மாறியதும் டாக்டர்கள் 'மென்டல் ரிடார்டேஷன்' என்றார்கள். அதுவும் 'ரிடார்ட்' என்று சுருங்கி வசவாகிவிட்டது. 2010-ல் 'ரோசா சட்டம்' மூலம் அமெரிக்க மத்திய அரசுச் சட்டங்களிலிருந்து அது நீக்கப்பட்டது. இந்தியாவில் 1995 சட்டத்தில் இருந்த அந்தச் சொல், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'அறிவுசார் குறைபாடு' ஆனது.

எது எவ்வளவு மோசம்?

'ஸ்டுப்பிட்', 'இடியட்' இரண்டும் இன்று சாதாரணத் திட்டு. மரியாதை இல்லைதான், ஆனால் பழைய மருத்துவ அர்த்தம் யாருக்கும் ஞாபகம் வராது. 'டம்ப்' என்பதற்கு முதல் அர்த்தம் பேச முடியாதவர். 'ரிடார்ட்' அப்படி இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அது நேராகப் போய்க் குத்தும். சீரிஸ், ரீல்ஸ் பார்த்து ஜோக் என்று நினைத்துச் சொல்பவர்கள் நிறைய. கொரியர், ஜப்பானியர், ஒடிசாக்காரர், தமிழர் என எல்லோருக்குமே இங்கிலீஷ் இரண்டாம் மொழியாக இருக்கும் லைனில், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதன் எடை தெரிவதில்லை. நம்ம 'லூசு' கூட இங்கிலீஷிலிருந்து வந்து உட்கார்ந்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 சட்டத்தின் 92-வது பிரிவுப்படி, மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு, பிறர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே இழிவாகப் பேசினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், 'ஸ்பாஸ்டிக்', 'கிரிப்பிள்' போன்ற சொற்கள் பாகுபாட்டை வளர்ப்பதாகச் சொன்னது. அது சினிமா தொடர்பான வழக்கு.

மாற்றுத்திறனாளி அல்லாதவரை 'மோரான்' என்று திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது. சண்டையைத் தூண்டும் அவமதிப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 352-வது பிரிவு இருக்கிறது. எந்தப் புகாராக இருந்தாலும் தேதி, ஷிஃப்ட், பக்கத்தில் இருந்தவர்கள், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அப்படியே எழுதிக் கொடுங்கள். 'கெட்ட வார்த்தையில் திட்டினார்' என்று பொதுவாக எழுதினால், என்ன சொன்னார் என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வியாக வரும்.