கடற்சங்கு ஓவியங்கள்

கடற்சங்கு ஓவியங்கள் என்பவை கடல்நத்தைகளையும் அவற்றின் ஓடுகளையும் இனங்காண உதவுவதற்காக இயற்கை வரலாற்று நூல்களில் வெளியான படங்கள் ஆகும். 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் இவை செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. இவற்றுள் சில, ஓட்டின் சுருளை இடவலம் மாற்றிக் காட்டின. சுருளும் திசையைக் கொண்டே சங்கின் மதிப்பு அமையும் தமிழகத்தில் இது கவனிக்கத்தக்கது.

இடம்புரியும் வலம்புரியும்

தமிழர் மரபில் சங்கின் சுருள்முனை கீழே இருக்குமாறு பிடித்துப் பார்ப்பர். வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. அறிவியலாளர் சுருள்முனையை மேலே வைத்துப் பார்ப்பதால், தமிழில் வலம்புரி எனப்படுவது அவர்களுக்கு இடச்சுருள் ஆகும். பெரும்பாலான சங்குகள் இடம்புரியே. வலம்புரி மிக அரிது.

கடற்கரை இல்லாத திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதியிலும் சங்கு நன்கு அறியப்பட்டதே. திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்தைத் திருமாலின் பாஞ்சசன்னியத்தை நோக்கியே பாடியுள்ளார். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் இடிமுழக்கத்துக்கு வலம்புரியை உவமையாக்குகிறார். மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூர் அரசு 1888 இல் வெளியிட்ட அஞ்சல்தலைகளிலும் சங்கே சின்னமாக இருந்தது.

அச்சில் மாறிய சுருள்

தகட்டில் உள்ளவாறே செதுக்கினால், தாளில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும். இதைத் தவிர்க்கச் செதுக்குபவர் படத்தைத் திருப்பி வரைய வேண்டும். 1681 இல் உரோமில் பிலிப்போ புவோனானி வெளியிட்ட சங்கு நூலில் படங்கள் இவ்வாறு மாறியே அமைந்தன. ஓவியர் ரெம்பிராண்ட் 1650 இல் செதுக்கிய கூம்புச் சங்கும் மாறியே உள்ளது. ஆனால் அதில் உள்ள அவரது கையொப்பம் நேராக உள்ளது.

இங்கிலாந்தில் மார்ட்டின் லிஸ்டரின் பெருநூலுக்கு (1685–1692) அவருடைய மகள்கள் சூசன்னாவும் அன்னாவும் படங்கள் வரைந்தனர். ரம்பியசின் அம்போன் தீவு நூல் 1705 இல் படங்களுடன் வெளிவந்தது. லின்னேயசு 1767 இல் இந்தியச் சங்குக்கு அறிவியல் பெயரிட்டார். இன்று அது டர்பினெல்லா பைரம் எனப்படுகிறது. கோபன்கேகனில் இருந்த கெம்னிட்சுக்குத் தரங்கம்பாடி மறைப்பணியாளர் சி. எஸ். ஜான் சங்குகளை அனுப்பினார். கெம்னிட்சு 1786 இல் இடச்சுருள் ஓடுகளுக்கெனத் தனிப்பகுதியே வெளியிட்டார்.

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்சு ஹோர்னெல் 1914 இல் இந்தியச் சங்கைப் பற்றி முழுநூல் எழுதினார். சங்கு குளித்தல், வளையல் அறுத்தல், சமயப் பயன்பாடு ஆகியவை அதில் விளக்கப்பட்டுள்ளன.

இன்றைய பயன்

அமெரிக்கக் கடல்களில் இயல்பாகவே இடச்சுருளாக வளரும் வேறொரு நத்தையின் ஓடு, வலம்புரி என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. உண்மையான சங்கின் வாயினுள், நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் இருக்கும். அமெரிக்க ஓட்டில் இவை இல்லை. சுருள் திசையை மட்டும் நம்பாமல், இம்மடிப்புகளையும் காட்டும் சரியான படத்தோடு ஒப்பிட்டால் வாங்குபவர் ஏமாறாமல் தப்பலாம்.