மலையின் கணக்கும் பள்ளியின் கணக்கும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் விளிம்பில் நீலக்கோடாய்த் தெரிவது கல்வராயன் மலை. அங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களை இணைத்துக் குழம்புவோர் உண்டு. மலையை ஆள்வோர் என்பதே பெயரின் பொருள். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்தம் வாய்மொழி மரபு. அவர்கள் பேசுவது தமிழ். அந்தத் தமிழே அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கு ஒருவகையில் தடையாயிற்று என்றால் வியப்பாகத் தோன்றலாம்.

நெடுங்காலம் இம்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று அப்போது 29 ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் உண்டு. ஆசிரியரால் மறுக்கப்பட்டவனின் பெயர் பள்ளிக்கு வாய்த்ததை என்னென்பது!

கணிதமும் அறிவியலும் கற்பிக்க மலையேறுவோர் பெரும்பாலும் சமவெளியினர். தோடர் பிள்ளைக்குப் பாடம் சொல்லப் போகும் ஆசிரியர், மொழி வேறு என்பதை முதல் நாளே உணர்வார். அதற்கேற்ப ஏதேனும் செய்தாக வேண்டும். கல்வராயனிலோ ‘எல்லாம் தமிழ்தானே’ என்னும் எண்ணம் முந்திக்கொள்கிறது. பேச்சு வழக்கு வேறு, பயிர் வேறு, ஆண்டின் வேலை நாள்கள் வேறு என்பன கண்ணில் படுவதில்லை. விடை சொல்லாத பிள்ளை மந்தன் எனப் பெயர் பெறுகிறான்.

தமிழர் கணக்கு வாழ்விலிருந்தே பிறந்தது. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே முந்திரி, காணி, மா எனப் பின்னங்களை மனனம் செய்தனர். காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் வைத்தே கணக்குச் சொல்லும். 1962இல் மெட்ரிக் அளவை கட்டாயமாயிற்று. அது நன்மையே. ஆயின் தொடர்வண்டி பாராத பிள்ளைக்கு அதன் வேகத்தைக் கேட்கும் ஆசிரியர், ஒரு மரக்கால் சாமையைக் குத்தினால் எத்தனை படி அரிசி தேறும் என்று கேட்டால் விகிதம் வீட்டு முற்றத்திலேயே விளங்கிவிடும். சரிவு நிலத்தை அளக்கும்போது சாய்வுத் தொலைவும் கிடைத்தொலைவும் ஏன் வேறுபடுகின்றன என்பது காலுக்கே தெரியும்.

அறிவியலுக்குக் கடுக்காய் ஒன்றே போதும். கல்வராயன் மலையில் திரட்டப்படும் காட்டுப்பொருள்களுள் அது முதன்மையானது. அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. தோல் பதனிடுவோர் அதனை நாடியதற்குக் காரணம் இதுவே. இடித்த கடுக்காயை நீரில் ஊறவைத்து அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்தால் நீர் கறுக்கும். நம் முன்னோர் எழுதிய கடுக்காய் மை அதுதான். கவிஞர்களின் மைக்கூட்டுக்கு மூலப்பொருள் தந்த மலையின் பிள்ளை, வேதிவினையைச் சமன்பாடாக மட்டும் படித்துத் தேர்வில் தோற்கிறான். கடுக்காய் பொறுக்கி வந்த கை அது என்பதை ஆசிரியர்க்குச் சொல்லித்தர எவரும் இல்லை.

இவ்வெண்ணம் புதிதன்று. பண்பாடுதோறும் கணிதம் உண்டென்பதைப் பிரேசில் நாட்டு அறிஞர் டி அம்ப்ரோசியோ 1984இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கூடிய கணிதக் கல்வி மாநாட்டில் விரித்துரைத்தார். பள்ளி அறிவைப் புறவாழ்வோடு இணைக்கவேண்டும் என 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வற்புறுத்தியது. ரிஷிவேலி வழியில் பிறந்த செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் தமிழகமெங்கும் பரவியது. அட்டைகள் மலைக்கும் சென்றன; ஆனால் சென்னைக்கும் வெள்ளிமலைக்கும் அட்டை ஒன்றே.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மலையின் மேற்கே, சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 2004இல் தோன்றிய ‘துளிர்’ கற்றல் மையம் வேறொரு வழியைக் காட்டியுள்ளது. அங்கே பயின்ற உள்ளூர் இளையோரே பயிற்சி பெற்றுச் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். சாமையையும் சரிவையும் அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகையோர் கணிதப் பட்டமும் அறிவியல் பட்டமும் பெற்று, அரசுப் பள்ளியின் கரும்பலகைக்கு முன் நிற்பதற்கான பாதைதான் இன்னும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கிறது.