மதராஸில் கண்ட ஒட்டுண்ணி, 39 ஆண்டுகள் தேடப்பட்ட ஈ

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்திலும் அசாமிலும் ஊர் ஊராகக் குடும்பங்களைக் காவுகொண்ட காய்ச்சல் ஒன்று, வாரக்கணக்கில் விடாத சுரம், இடது விலாவுக்குக் கீழே புடைத்து வளரும் மண்ணீரல், இரத்தச்சோகை, உடல் மெலிவு, கருத்துப்போகும் தோல் ஆகியவற்றால் அறியப்பட்டு, ‘காலா அசார்’ என்றும் தமிழில் ‘கருங்காய்ச்சல்’ என்றும் பெயர் பெற்றது. அதை ஆராய அசாமுக்கு அனுப்பப்பட்ட ரொனால்ட் ராஸ், மலேரியாவின் முற்றிய வடிவமே அது என்று 1899-இல் அறிக்கை தந்தார்; ஆனால் மலேரியாவுக்குக் கைகண்ட மருந்தான கொயினாவுக்கு அந்த நோய் கட்டுப்படவில்லை.

கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் நோயுற்று இங்கிலாந்து திரும்பிய படைவீரர் ஒருவர் நெட்லி இராணுவ மருத்துவமனையில் 1900-இல் இறந்தபோது, வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர் அவருடைய மண்ணீரல் திசுவில் நுண்ணிய முட்டை வடிவ உருக்களைக் கண்டார். எனினும் அவற்றைச் சிதைந்த வேறோர் ஒட்டுண்ணியின் எச்சங்கள் என்று கருதிய அவர், 1903 மே மாதத்தில்தான் அந்தக் குறிப்பை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில், கல்கத்தாவில் பிறந்தவரும் மதராஸ் மருத்துவக் கல்லூரி ஆசிரியருமான சார்லஸ் டோனவன், இறந்த நோயாளிகளின் மண்ணீரலில் அத்தகைய உருக்களையே கண்டிருந்தார். லீஷ்மனின் குறிப்பைப் படித்தபின் ஜூன் 17 அன்று, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் கண்டதால், அவை இறப்புக்குப் பின் தோன்றும் சிதைவுகள் அல்ல, நோயை உண்டாக்கும் உயிரிகளே என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கே நீளமுள்ள அந்த உயிரணுவுக்குள், சாயமேற்றியபின், வட்டமான உட்கரு ஒன்றும் அதனருகே கோல் போன்ற சிறு புள்ளி ஒன்றும் தெரிவது அதன் தனி அடையாளமாகும். டோனவன் அனுப்பிய கண்ணாடித் தகடுகளைப் பார்வையிட்ட ராஸ், தமது பழைய முடிவுக்கு மாறாக இது புதியதோர் உயிரி என ஏற்று, அந்த ஆண்டு நவம்பரில் ‘லீஷ்மேனியா டோனவனி’ என்று இருவர் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார்.

உயிரி தெரிந்த பின்னும், அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கிறது என்பது விளங்கவில்லை. 1904-இல் லியோனார்ட் ரோஜர்ஸ் உடல் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பநிலையில் அந்த ஒட்டுண்ணியை வளர்த்தபோது அது நீண்டு, சவுக்கு போன்ற இழையோடு நீந்தும் உருவம் பெற்றது. அதனால் பூச்சியின் உடலில் ஒரு பருவம் கழிகிறது என்ற ஊகம் வலுப்பெற்றது. மதராஸில் ஆய்வு செய்த டபிள்யூ. எஸ். பாட்டன், நோயாளிகளைக் கடித்த மூட்டைப்பூச்சிகளுக்குள் அந்த உருவத்தைக் கண்டு, 1907-இல் மூட்டைப்பூச்சியே காரணம் என வாதிட்டார். ஆனால் பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி வளர்வது ஒன்று, கடிக்கும்போது அது மனிதருக்குள் செல்வது வேறொன்று. இரண்டாவதற்குச் சான்று கிடைக்காமையால் அவ்வாதம் நிலைக்கவில்லை.

1920-களில் ஜே. ஏ. சிண்டன், நோய் பரவிய பகுதிகளும் ‘ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிப்பெஸ்’ என்ற மணல் ஈ வாழும் பகுதிகளும் பொருந்துவதைச் சுட்டிக்காட்டினார். 1924-இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் அந்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி பெருகுவதைக் கண்டனர். கொசுவைவிடச் சிறியதும், உடல் முழுதும் மயிர் அடர்ந்ததும், உட்காரும்போது இறகுகளை மடிக்காமல் உயர்த்தி வைப்பதுமான இந்த ஈ, ஓசையின்றித் தத்தித் தத்திப் பறக்கும். பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். மண்சுவர் வெடிப்புகளிலும் சாணமும் ஈரமும் கலந்த தொழுவ மண்ணிலும் அது வாழ்வதால், திண்டுக்கல் சமவெளியில் பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களின் பழைய மாட்டுத் தொழுவங்களை அறிந்தவர்களுக்கு அத்தகைய இருப்பிடம் புதிதன்று. இந்த ஈ தமிழகத்திலும் உண்டு. ஆயினும் ஒட்டுண்ணியைச் சுமக்கும் நோயாளியும் அருகில் இருந்தாலன்றி ஈயால் மட்டும் நோய் பரவுவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் அந்த ஈக்கள் கடித்தும் நோய் தொற்றாதது பல்லாண்டுகள் புதிராக இருந்தது. முதல் உணவாக நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஈக்களுக்கு மறுபடியும் இரத்தத்தையே தராமல் உலர்ந்த திராட்சையின் சாற்றைத் தந்தால், ஒட்டுண்ணிகள் பெருகி ஈயின் தொண்டைப் பகுதியையே அடைத்துவிடுவதை 1940-ஐ ஒட்டி ஸ்மித், ஹால்தார், அகமது ஆகியோர் கண்டறிந்தனர். அடைபட்ட ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணிகள் தோலுக்குள் இறங்குகின்றன. இதே முறையில் ஈக்களை வளர்த்து, தாமே முன்வந்தவர்களைக் கடிக்கவிட்டு, சி. எஸ். சுவாமிநாத், எச். இ. ஷார்ட், எல். ஏ. பி. ஆண்டர்சன் ஆகிய மூவரும் நோய் தொற்றுவதை மெய்ப்பித்து 1942-இல் வெளியிட்டனர். டோனவனின் ஊசிக்கும் இந்த முடிவுக்கும் இடையே 39 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையே உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-இல் கல்கத்தாவில் உருவாக்கிய ‘யூரியா ஸ்டிபமைன்’ என்ற மருந்து எண்ணற்றோரைக் காத்தது. குணமானவர்களில் சிலரது தோலில் பின்னர் திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றி, அவற்றில் ஒட்டுண்ணி தங்கியிருப்பதையும் 1922-இல் அவரே விவரித்தார். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இன்று நோய் வெகுவாகக் குறைந்துள்ளது. வங்கதேசம் அதைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சான்றளித்தது. எனினும் அந்த மாநிலங்களிலிருந்து தமிழகத்துக்கு வேலை தேடி வருவோர் பலராதலால், அவர்களில் ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்து மண்ணீரலும் வீங்கியிருந்தால், மலேரியா இல்லை என்று தெரிந்ததோடு நின்றுவிடாமல், விரல்நுனி இரத்தத்தில் சில நிமிடங்களில் விடை தரும் ‘ஆர்கே39’ பட்டைச் சோதனையையும் மருத்துவர்கள் செய்துபார்ப்பது அவசியமாகும்.