பருமன் அறுவை செய்துகொண்டோரின் பரஸ்பர உதவிக் கூட்டங்கள்

உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையைச் சுருக்கியோ சிறுகுடலின் போக்கை மாற்றியோ செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டவர்கள், அதன்பின் ஆயுள் முழுவதும் கைக்கொள்ள வேண்டிய ஆகார நியமங்களையும் அவற்றால் நேரும் இடர்ப்பாடுகளையும் குறித்துத் தம்மைப் போன்றே சிகிச்சை பெற்ற பிறரோடு கலந்து பேசித் தெளிவு பெறுவதற்காக ஏற்படுத்திக்கொண்ட கூட்டங்கள் இப்பெயரால் வழங்கும். குடல்வால் அறுவையோ கண்புரை அறுவையோ முடிந்து காயம் ஆறிவிட்டால், நோயாளி என்ற பெயரும் அத்துடன் தீர்ந்துவிடுகிறது. பருமன் அறுவை அத்தகையதன்று. இச்சிகிச்சைக்கு உரியவர் யார் என்பதை வரையறுப்பதற்காக அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்கள் 1991இல் கூட்டிய மாநாடு, உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேற்பட்டவர்களையும், கடும் நோய்கள் உடனிருப்பின் 35க்கு மேற்பட்டவர்களையும் தகுதியுடையோர் என்று கூறியதோடு, அறுவைக்குப்பின் வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு அவசியமென்றும் வற்புறுத்தியது. எனினும், ஆண்டிற்கு இரண்டொரு முறை வாய்க்கும் வைத்தியர் தரிசனத்திற்கும் நாள்தோறும் மூன்று வேளை வந்து நிற்கும் சாப்பாட்டிற்கும் இடையே எழும் நூறு சில்லறைச் சந்தேகங்களை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அம்மாநாட்டின் தீர்மானத்தில் விடை இல்லை. அவ்விடத்தை நிரப்ப எழுந்தவையே இக்கூட்டங்கள்.

சிகிச்சையின் வரலாறு நீண்டதன்று. 1954இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமென், லின்னர், நெல்சன் என்னும் மூவர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவின் வழியிலிருந்து விலக்கிவிடும் முறையொன்றை வெளியிட்டனர். எடை குறைந்தது உண்மையே ஆயினும், ஈரல் கெடுதல், சிறுநீரகக் கல் முதலிய உபாதைகள் தொடர்ந்தமையால் அது பிற்காலத்தில் கைவிடப்பட்டது. இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மீண்டும் சதை பிடிக்காதிருந்ததைக் கவனித்த அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்டு மேசன், 1966இல் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ என்னும் முறையைத் தொடங்கி வைத்தார். 1994இல் விட்குரோவும் கிளார்க்கும் அதனை லேப்ராஸ்கோப்பி வழியாகச் சிறு துளைகளின் மூலமே செய்து வெளியிட்டபின், இச்சிகிச்சையை நாடுவோர் தொகை பெருகலாயிற்று. இரைப்பையின் முக்கால் பாகத்திற்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒடுங்கிய குழாயாக்கும் ‘ஸ்லீவ்’ முறையே இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுகிறது.

பருமனுடையோர் ஒன்றுகூடித் தம் குறைகளைப் பேசிக்கொள்ளும் வழக்கமோ இவ்வறுவையினும் மூத்தது. மில்வாக்கி நகரத்தில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி ‘டாப்ஸ்’ என்னும் சங்கத்தை 1948இலேயே நிறுவினார். லாஸ் ஏஞ்சலிஸில் 1960இல் ‘ஓவரீட்டர்ஸ் அனானிமஸ்’ தோன்றியது. நியூயார்க்கில் ஜீன் நைடெச் தம் இல்லத்தில் தோழியரைக் கூட்டி நடத்திய சம்பாஷணைகள் 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்னும் ஸ்தாபனமாக உருப்பெற்றன. ஆயினும் பத்தியத்தாலும் மனத்திட்பத்தாலும் எடையைக் குறைக்க முயல்வோரின் நடுவே, அறுவை செய்துகொண்டவர் குறுக்குவழியில் போனவர் என்ற ஏளனத்திற்கு ஆளாக வேண்டியிருந்தது. தவிர, அவருடைய பிரச்சினைகளும் வேறு. அதிகம் தின்னாதிருப்பது எப்படி என்பது மற்றவர்களின் கவலை. போதிய அளவு தின்பது எப்படி என்பது, குறைந்தபட்சம் முதலாண்டிலாவது, இவருடைய கவலை. ஆகையால் மருத்துவமனைகளைச் சார்ந்து தனிக்கூட்டங்கள் தோன்றின. அமெரிக்காவில் இத்தகைய நிலையங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் திட்டம், நோயாளிகளுக்குக் கூட்டம் நடத்துவதையும் ஒரு நிபந்தனையாகவே வைத்திருக்கிறது.

இக்கூட்டங்களில் பேசப்படும் விஷயங்களுள் பெரும்பாலானவை தட்டையும் கரண்டியும் சம்பந்தப்பட்டவை. பைபாஸ் செய்யப்பட்டவருக்கு எஞ்சும் இரைப்பைப்பை முதலில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவே கொள்ளும். மெதுவாக உண்ணுக, நன்றாக மெல்லுக, உணவுடன் நீர் அருந்தற்க, உண்டபின் அரைமணி நேரம் சென்றே அருந்துக என்றெல்லாம் மருத்துவமனையில் அச்சிட்டுத் தரும் காகிதம் கூறும். ஆனால் வயிறு நிரம்பிவிட்டது என்பதை எப்படி அறிவது? பழைய வயிறு காட்டிய அடையாளங்கள் இப்போது இல்லை. மூத்த அங்கத்தினர் சொல்லித் தருவது இது: சிலருக்குத் திடீரென்று மூக்கில் நீர் வடியும், சிலருக்கு ஒரு தும்மல், சிலருக்கு ஒரே ஒரு விக்கல், அதைக் கண்டதும் கையிலுள்ள கவளத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். ‘இன்னும் ஒரு வாய்தானே’ என்று விழுங்கினால், நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தாற்போன்ற அழுத்தமும், வாய் நிறைய நுரைத்த உமிழ்நீரும் வந்து, அரைமணி நேரம் குளியலறையில் நிற்க நேரும். உலர்ந்த கோழிக்கறி, ரொட்டி, குழையாத சோறு ஆகிய மூன்றும் அடைத்துக்கொள்வதில் பேர்பெற்றவை. நேற்று இனிதாக இறங்கிய பண்டம் இன்று இறங்காமல் அடம்பிடிப்பதும் சகஜம். அதனால் அந்தப் பண்டத்தையே சபித்து ஒதுக்க வேண்டியதில்லை, சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுபவஸ்தர் கூறும் ஒரு சொல், புதியவரின் பீதியைப் பாதியாகக் குறைத்துவிடும்.

‘டம்பிங்’ என்று ஆங்கிலச் சொல்லாலேயே வழங்கும் உபாதையும் இவ்வகையினதே. சர்க்கரை மிகுந்த பண்டம் சிறு பைக்குள் தங்காமல் நேரே குடலில் இறங்குவதால், உண்ட 10 முதல் 30 நிமிஷங்களுக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, உடனே படுத்துவிட வேண்டும் என்னும் தளர்ச்சி ஆகியவை தோன்றும்; ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்குவது அதன் மற்றொரு வகை. புத்தகத்தில் படித்தவர்கூட முதன்முறை அனுபவிக்கும்போது மாரடைப்போ என்று கலங்குவதுண்டு. விருந்திற்குப் போன இடத்தில் மரியாதைக்காக அரைக்கரண்டி பாயசத்தை வாங்கி உண்டு, பந்தியிலிருந்து எழ மாட்டாமல் அவதிப்பட்ட கதையை ஒருவர் சொல்லும்போது, கேட்போர் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கின்றனர்.

சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் இப்போது இவ்வறுவை பரவலாக நடைபெறுகின்றது. 2022இல் சர்வதேசச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறை, ஆசிய மக்களுக்கு உடல் நிறை எண் 27.5 என்னும் அளவிலேயே இதனைப் பரிசீலிக்கலாம் என்று கூறுகின்றது. சோறும் இட்லியும் தோசையுமாக வளர்ந்த மரக்கறி உணவினருக்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்னும் பொதுவான விதியை நிறைவேற்றுவது எளிதன்று. ஓர் இட்லியில் உள்ள புரதம் இரண்டு கிராமளவே. இரண்டு இட்லியில் வயிறு நிரம்பிவிட்டவர் எஞ்சியதை எங்கே வைப்பார்? முதலில் பனீரையோ கெட்டித் தயிரையோ, முட்டை உண்பவராயின் முட்டையையோ, மசித்த சுண்டலையோ உண்டுவிட்டு, இடமிருந்தால் மட்டும் சோற்றுக்குப் போக வேண்டும் என்னும் வரிசைமுறையை ஆகார நிபுணர் உபதேசிப்பார். அதை மாமியார் வீட்டிலும் கல்யாணப் பந்தியிலும் யார் மனமும் நோகாமல் கடைப்பிடிக்கும் உபாயத்தைச் சக நோயாளிதான் சொல்ல முடியும். “சாப்பிட்டது போதுமா? உடம்பு இப்படி இளைத்துவிட்டதே!” என்று அன்பினால் வற்புறுத்தும் பெரியவர்களிடம், “வைத்தியர் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார், பாட்டி” என்று வைத்தியர்மீது பழியைப் போட்டுவிடுவதே சிறந்தது என்பது அவ்வுபாயங்களுள் ஒன்று.

மருந்துகள் விஷயத்திலும் இவ்வாறே. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுப்பவையாதலால் இரண்டிற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருத்தல் நன்று. அமிலம் குறைந்த இரைப்பைக்குக் கார்பனேட்டைவிட சிட்ரேட் வடிவிலுள்ள கால்சியம் ஏற்றது. இவற்றை அறிந்திருந்தும் மூன்றாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற எண்ணமே காரணம். பி12 சேமிப்பு மெல்லத் தீர்ந்து, கால் மரத்துப்போதலும் மறதியும் பிற்பாடுதான் தலைகாட்டும்.

ஆறுதல் என்னும் வகையில் இக்கூட்டங்கள் செய்யும் உபகாரம் இரண்டு சந்தர்ப்பங்களில் முக்கியமாக வெளிப்படும். அறுவை முடிந்த சில வாரங்களிலேயே எடை இறங்காமல் நின்றுவிடுவது அவற்றுள் முதலாவது. நாள்தோறும் எடைக்கருவியில் ஏறி நிற்பவர் சிகிச்சையே வீணாயிற்று என்று மனம் உடைகிறார். மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொத்துக்கொத்தாகச் சீப்பில் வருவது மற்றொன்று. உடல் பெரிய அதிர்ச்சியொன்றைத் தாங்கியதன் விளைவாகிய இம்முடியுதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, முடி மீண்டும் முளைக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஓராண்டிற்கு முன் அதே கவலையுடன் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் இப்போது அடர்ந்த கூந்தலுடன் எதிரே அமர்ந்து அதைச் சொல்லும்போது விளையும் நம்பிக்கை, இரத்தப் பரிசோதனைச் சீட்டினால் விளைவதில்லை. பலகையில் உட்கார்ந்தால் வாலெலும்பு வலிக்கிறது, வெயிற்காலத்திலும் குளிர்கிறது, மோதிரம் விரலில் நிற்கவில்லை என்பன போன்ற, வைத்தியரிடம் சொல்லக் கூசும் சிறு குறைகளுக்கும் இங்கே செவி உண்டு.

குடும்ப வாழ்வும் மாறாமலிருப்பதில்லை. ஸ்வீடன் நாட்டில் 1987 முதல் அறுவை செய்துகொண்டோரையும் செய்துகொள்ளாதோரையும் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆராய்ச்சியின் ஒரு பகுதி 2018இல் வெளியானபோது, அறுவைக்குப்பின் தனித்திருந்தோர் மணம் புரிவதும், மணமானோர் பிரிவதும் ஆகிய இரண்டுமே மற்றவர்களினும் மிகுந்திருந்தமை தெரியவந்தது. இதற்குக் காரணம் கூறுவோர் பலவாறு கூறுவர். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது அவ்வளவு புதிராக இராது.

இனி, இக்கூட்டங்களின் உபதேசத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய வேண்டும். அனுபவமே பிரமாணம் என்று கொள்ளும் எந்தச் சபையிலும், யாருடைய அனுபவம் அங்கே பேசப்படுகிறது என்று கேட்பது அவசியம். முதலாண்டில் எடை வேகமாக இறங்கும்போது அங்கத்தினர் உற்சாகத்துடன் வருகின்றனர், பழைய சட்டையைக் கொண்டுவந்து காட்டுகின்றனர், கைதட்டல் பெறுகின்றனர். ஸ்வீடன் ஆராய்ச்சியில், பைபாஸ் செய்துகொண்டோரின் எடைக்குறைவு முதல் இரண்டாண்டுகளுக்குள் சராசரி 32 சதவீதம் வரை சென்று, பத்தாம் ஆண்டில் 25 சதவீதமாகத் தணிந்தது. இது சிகிச்சையின் தோல்வியன்று, உடலின் இயல்பு. ஆயினும் தம்மிடம் அத்தணிவைக் காண்பவர் அதனைத் தம் குற்றமாகக் கருதி, கைதட்டல் பெற்ற அதே கூட்டத்திற்கு வர வெட்கி, சொல்லாமல் நின்றுவிடுகிறார். விளைவு யாதெனில், கூட்டத்தில் எஞ்சுவோர் புதியவரும் வெற்றி பெற்றோருமே. அவர்களைக் கேட்டு முடிவு செய்பவருக்குச் சிகிச்சையின் பின்பாதி தெரியாமலே போகிறது. இக்குறை, தவறான ஆகார யோசனைகளைக் காட்டிலும் பெரிது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். அமெரிக்கப் பாடகி கார்னி வில்சன் 1999இல் தம் பைபாஸ் அறுவையை இணையத்தின் வழியே உலகம் காணச் செய்தார். அதைக் கண்டு சிகிச்சையை நாடியோர் பலர். எடை ஓரளவு திரும்பியபின் 2012இல் இரைப்பைப் பட்டை பொருத்தும் இரண்டாம் அறுவையைச் செய்துகொண்டதையும் அவர் மறைக்கவில்லை. முதற்செய்தியைவிட இரண்டாவது செய்தியே பழைய நோயாளிகளுக்கு அதிகப் பிரயோஜனமானது.

மதுவைப் பற்றிய எச்சரிக்கையையும் நீண்டகாலம் கழித்தவர்களிடமிருந்தே பெற முடியும். பைபாஸுக்குப்பின் மது விரைவாக இரத்தத்தில் கலந்து, சிறிதளவிலேயே போதை ஏறும். அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியொன்றில், மதுவால் கெடும் நிலையிலிருந்தோர் அறுவைக்கு முன்னிருந்த 7.6 சதவீதத்திலிருந்து இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாக உயர்ந்தமை 2012இல் வெளியிடப்பட்டது. முதலாண்டில் இது புலப்படாமையால், புதியவர் மட்டுமே நிறைந்த கூட்டத்தில் இப்பேச்சே எழாது.

சக நோயாளியிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. நில்லாத வாந்தி, மார்பிலோ வயிற்றிலோ கடும் வலி, கறுத்த மலம், காய்ச்சலுடன் கூடிய படபடப்பு ஆகியவற்றிற்கு “எனக்கும் அப்படித்தான் இருந்தது, தானே சரியாகிவிட்டது” என்ற மறுமொழி ஆபத்தானது. பல நாள் வாந்தியால் தயமின் என்னும் பி1 தீர்ந்துபோனால் பார்வை இரட்டித்தல், தள்ளாட்டம், சித்தக்குழப்பம் ஆகியவை தோன்றி, உடனே ஊசிவழி மருந்து செலுத்தாவிடின் மூளைக்கு நிரந்தரக் கேடு விளையும். மூட்டுவலிக்கு ஒருவர் பரிந்துரைக்கும் சாதாரண வலி மாத்திரையே, பைபாஸ் செய்தவருக்குக் குடல் இணைந்த இடத்தில் புண்ணை உண்டாக்கிவிடலாம். கர்ப்பத்தை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போடுமாறு வைத்தியர் கூறும்போது, வாயால் உட்கொள்ளும் கருத்தடை மாத்திரை முன்போல் உடலில் சேராமற் போகலாம் என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

நன்கு நடைபெறும் நிலையங்களில் இக்காரணங்களை முன்னிட்டே ஆகார நிபுணரோ தாதியோ கூட்டத்தில் உடனிருப்பதும், அறுவைக்கு முன்னுள்ளோரையும் அழைத்து உட்காரவைப்பதும் வழக்கம். இரண்டாண்டு கடந்தவர்களுக்கென்று தனியே ஒரு கூட்டம் வைத்து, அங்கே எடை கேட்கும் சம்பிரதாயத்தையே விட்டுவிடும் நிலையங்களும் உண்டு. வராமல் நின்றவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பை அக்கூட்டத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவரிடமே ஒப்படைத்தல் நலம்.