ஒரு புகையிலை நிபுணரும் ஒரு மலையும்

பாப்புவா நியூகினியின் மேட்டு நிலத்தில் மவுண்ட் ஹேகன் என்றொரு நகரம் இருக்கிறது. பக்கத்து மலைக்கும் அதே பெயர்தான். யார் இந்த ஹேகன்? 1859இல் பிறந்த பிரஷ்யக்காரர், கூர்ட் ஃபோன் ஹாகன். முதலில் பட்டாள அதிகாரி, பிறகு புகையிலை நிபுணர். அந்த மலையடிவாரத்தை அவர் மிதித்ததே கிடையாது. வெளியாட்கள் அங்கே போய்ச் சேர்ந்ததே 1933இல்தான்.

'நிபுணர்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஹாகன் தொழில் படித்தது டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தோட்டங்களில். அங்கே புகையிலைக்கு முன்மாதிரி சுமத்ராவின் டெலி. சுருட்டுக்கு மேல் சுற்றும் மெல்லிய இலைக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. அந்த இலையை விளைவிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. முன்பணம் கொடுத்துச் சீனர்களைக் கடனில் கட்டிப்போடத் தெரியணும். ஒப்பந்தத்தை மீறி ஓடினவனைச் சிறையில் தள்ள 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் இருந்தது. ரோடு போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் நம்ம ஆட்கள் இருந்தார்கள். 'கெலிங்' என்பது அங்கே அவர்களுக்குப் பெயர். ஆக, நிபுணத்துவம் என்பது செடியைப் பற்றிய அறிவு மட்டுமல்ல, உடல்களை நிர்வகிக்கும் அறிவும்கூட.

1885இல் நியூகினிக் கம்பெனிக்கு ஜெர்மன் பேரரசு சாசனம் கொடுத்தது. பெர்லின் வங்கியாளர் ஹான்ஸெமான் அதன் மூளை. அஸ்ட்ரோலாப் விரிகுடாக் கரையில் புகையிலை போடணும், டெலியை அப்படியே பெயர்த்து நடணும் என்பது திட்டம். ஹாகன் தோட்டத் தலைவரானது இப்படித்தான். சீனர்களும் ஜாவாக்காரர்களும் கப்பலில் வந்திறங்கினார்கள். மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். சவுக்கடிக்குக் கம்பெனியின் விதியிலேயே இடமிருந்தது. 1896இல் ஹாகனே ஆட்சித் தலைவர் பொறுப்புக்கும் வந்தார். தோட்டமும் அரசும் ஒரே ஆள் கையில்.

1895இல் ஏலர்ஸ் என்ற ஜெர்மன் பயணி தீவைக் குறுக்கே கடக்கப் போய், பட்டினிக்கு நடுவே கூட வந்த காவலர்களாலேயே கொல்லப்பட்டார். அப்படிக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் ரங்காவும் ஓபியாவும். (ரங்கா நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறது; ஆனால் ஆள் பூகா தீவுக்காரன்.) 1897இல் இருவரும் துப்பாக்கியோடு சிறையிலிருந்து தப்பினார்கள். தேடிப் போன ஹாகன் ஆகஸ்ட் 14 அன்று சுடப்பட்டுச் செத்தார். அவருக்குத் துப்பாக்கிக் குண்டு வந்தது கம்பெனியே சீருடை மாட்டிவிட்ட கையிலிருந்து. பிறகு அந்த இருவரும் கொல்லப்பட்டார்கள்.

1899இல் நிர்வாகத்தைப் பேரரசே எடுத்துக்கொண்டது. புகையிலை போய் அந்த இடத்தில் கொப்பரை வந்தது. நிபுணத்துவம் தோற்றது, பெயர் மட்டும் மலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அஸ்ட்ரோலாப் கரை மண்ணில் புதைந்த கூலிகள் பெயரில் ஒரு மேடுகூட இல்லை. வரலாறு யாரை எழுதுகிறது என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.